முதலில் நாற்காலி, பிறகு ஸ்பீக்கர்: ஒரு சிறிய ஒலியமைப்பை நிறுவிய பதிவு

ஆம்ப்ளிஃபையரைத் தன்னுள்ளேயே கொண்ட சிறிய பவர்டு ஸ்பீக்கர்கள் இரண்டை ஓர் அறையில் நிறுத்தி, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஒலியும் பாடுபவரின் மெய்யெழுத்துகளும் ஒன்றையொன்று மறைக்காமல் கேட்கும் நிலைக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறேன். எந்த ஸ்பீக்கரை வாங்குவது என்ற கேள்வியோடு தொடங்கிய வேலை, எங்கே உட்கார்ந்து கேட்பது என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் நகர்ந்தது. உட்காரும் இடம் முடிவானதும் ஸ்பீக்கரின் அளவு, அதில் இருக்க வேண்டிய இணைப்புகள், ஸ்டாண்டின் உயரம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே முடிவாயின. அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

அறை 4.2 மீட்டர் நீளமும் 3.1 மீட்டர் அகலமும் 2.9 மீட்டர் உயரமும் கொண்டது. குறுகிய சுவர் ஒன்றை ஒட்டி எழுதுமேசை இருந்தது. அதன் மேல் கணினித் திரை, திரையின் இருபுறமும் ஸ்பீக்கர்கள் என்பதே முதல் திட்டம். வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்கலாமே என்று நண்பர் ஒருவரிடமிருந்து 3 அங்குல ஊஃபர் (கீழ் ஒலிகளைத் தரும் கூம்பு) கொண்ட ஜோடியை இரவல் பெற்று, ஒரு மீட்டர் இடைவெளியில் மேசைமேல் வைத்தேன். குரலும் வயலினும் தெளிவாகவே வந்தன. ஆனால் கிட்டார் வாசிப்பில் தடித்த கம்பியைத் தொடும் இடங்களில் ஸ்வரம் சட்டென்று மெலிந்தது; தொப்பியை அழுத்தி எழுப்பும் கும்கி நாதம் கேட்கவே இல்லை, தோலில் விரல் படும் சத்தம் மட்டும் கேட்டது. ஊஃபர் சிறியது, அதனால் கீழ் ஒலி போதவில்லை என்று முடிவு செய்வது எளிது. நானும் அப்படித்தான் நினைத்து, 5 அங்குல ஊஃபர் கொண்ட இன்னொரு ஜோடியைக் கேட்டு வாங்கி அதே இடத்தில் வைத்தேன். மொத்தத்தில் ஒலி கனத்தது. ஆனால் மெலிந்த அதே ஸ்வரங்கள் அப்படியே மெலிந்துதான் இருந்தன. ஸ்பீக்கரின் பின்புறமிருந்த பேஸ் திருகை ஏற்றியபோது மேசையில் இருந்த பேனா அதிர்ந்தது, கதவருகே நின்றவருக்கு ஒலி திம்மென்று அடைத்தது, நாற்காலியில் இருந்த எனக்கு மட்டும் பெரிய மாற்றம் தெரியவில்லை.

இங்கிருந்து வழி காட்டியது ஒரு மிக எளிய சோதனை. கைபேசியில் இருக்கும் இலவசமான ஒலி உருவாக்கும் செயலி ஒன்றில் 40 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 40 அதிர்வுகள்) தொடங்கி 120 ஹெர்ட்ஸ் வரை சீரான தொனியை அந்த ஸ்பீக்கர்களில் மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். 80 ஹெர்ட்ஸை நெருங்கியபோது ஒலி ஏறக்குறைய காணாமல் போயிற்று. தொனியை 82-இல் நிறுத்திவிட்டு எழுந்து நடந்தால், அறையின் நடுவில் அதே தொனி பெருத்துக் கேட்கிறது. இன்னும் இரண்டடி பின்னால் போனால் தணிகிறது. பின்சுவரை ஒட்டி நின்றால் மீண்டும் பெருக்கிறது. ஸ்பீக்கரில் எதையும் தொடவில்லை, காது மட்டுமே இடம் மாறியது. அளவுக் கருவி எதுவும் கையில் இல்லாதவர்களும் இந்த ஒன்றைச் செய்து பார்த்துவிடலாம். ஒலியை மிதமாக வைத்துக்கொள்வது அவசியம். நீண்ட நேரம் உரத்த ஒற்றைத் தொனி சிறிய ஊஃபருக்கு நல்லதல்ல.

காரணம் நான்கே வரியில் முடிந்துவிடும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண், அந்த வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும்: 4.2 மீட்டருக்கு அது 41 ஹெர்ட்ஸ், அதன் இரு மடங்கு 82 ஹெர்ட்ஸ். 82 ஹெர்ட்ஸின் அழுத்தம் சுவரிலிருந்து கால் பங்கு நீளத்தில், அதாவது 1.05 மீட்டரில், ஏறக்குறைய இல்லாமல் போகிறது. மேசையில் உட்கார்ந்தால் என் காது சுவரிலிருந்து ஒரு மீட்டர் சொச்சத்தில் இருந்தது. கிட்டாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தக் கம்பியே முதலில் பலியானது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு 8 அங்குல ஊஃபரை வாங்கியிருந்தாலும் பள்ளம் அதே இடத்தில் இருந்திருக்கும்.

உறுதிப்படுத்திக்கொள்ள, யூஎஸ்பியில் இணையும் அளவீட்டு மைக் ஒன்றை வாங்கினேன். அளவுத்திருத்தக் கோப்போடு, அதாவது மைக்கின் சொந்தப் பிழைகளைக் கழிக்க உதவும் கோப்போடு, வரும் மைக்கையே வாங்க வேண்டும். கைபேசியின் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது, கீழ் ஒலிகளில் அதன் கணக்கை நம்ப முடியாது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியை ஓடவிட்டு, தலை இருக்கும் இடத்தில் முக்காலியில் மைக்கை நிறுத்தி அளந்தேன். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் இரண்டு ஜோடிகளின் வரைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது 80 ஹெர்ட்ஸை ஒட்டி 12 டெசிபெலுக்கு (ஒலியளவின் அலகு) மேற்பட்ட பள்ளம் இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தது. அளக்கும்போது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரைகோட்டை மழுங்கடிக்கும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. மழுங்கிய கோட்டில் இத்தகைய குறுகிய பள்ளங்கள் பாதிக்குப் பாதி மறைந்துவிடும்.

வரைகோடு இன்னொன்றையும் காட்டியது. 2,400 ஹெர்ட்ஸை ஒட்டிக் கீறல் போல ஒரு குறுகிய பள்ளம். அது மேசையின் வேலை. ஊஃபரின் நடுப்பகுதி மேசைப் பலகைக்கு மேல் 10 செ.மீ. உயரத்தில், காது 38 செ.மீ. உயரத்தில். நேராக வரும் ஒலிக்கும் பலகையில் பட்டுத் தெறித்து வரும் ஒலிக்கும் தூர வித்தியாசம் 7 செ.மீ.தான், அந்த வித்தியாசம் அரை அலைநீளமாக அமையும் அதிர்வெண்ணில் இரண்டும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்கின்றன. கனத்த துண்டு ஒன்றை நான்காக மடித்து மேசையில் விரித்து மறுபடி அளந்தபோது கீறல் பாதியாகக் குறைந்தது, பாடலின் சொற்களும் சற்றுத் துலங்கின. மேசையில் ஸ்பீக்கர் வைப்பதைத் தவிர்க்கவே முடியாதவர்கள், அதை உயர்த்திக் காதை நோக்கிச் சாய்த்து, பலகையின் முன்விளிம்பு வரை தள்ளி வைத்தால் ஓரளவு தப்பலாம். துண்டை விரித்துக்கொண்டு மேசையில் எழுத முடியாது என்பதால் நான் மேசையையே விட்டு விலக முடிவு செய்தேன்.

மேசையை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினேன். ஸ்பீக்கர்கள் பழைய சுவரருகே தனியே நிற்கும்; சுழல் நாற்காலியைத் திருப்பிச் சற்றே முன்னுக்கு உருட்டிக்கொண்டால் கேட்கும் இடம் கிடைத்துவிடும். எவ்வளவு முன்னுக்கு என்பதைத்தான் நிதானமாகத் தேடினேன். அறையின் சரிபாதியில் உட்கார்ந்தால் 41 ஹெர்ட்ஸ் மறைந்து 82 ஹெர்ட்ஸ் உச்சத்தில் நிற்கிறது. பின்சுவரை ஒட்டினால் எல்லாக் கீழ் ஒலிகளும் ஒன்றாகக் கூடி உப்புகின்றன. நீளத்தின் 38 விழுக்காட்டில் தொடங்குமாறு ஒலியமைப்பாளர்கள் வழக்கமாகச் சொல்வார்கள்; என் அறையில் அது பின்சுவரிலிருந்து 1.6 மீட்டர். இரவல் ஸ்பீக்கர்களை முக்காலிகளின் மேல் நிறுத்தி, 1.3 மீட்டரில் தொடங்கி 10 செ.மீ. வீதம் மைக்கை நகர்த்தி அளந்து பார்த்ததில், 1.5-க்கும் 1.7-க்கும் இடையே வரைகோடு மிகச் சமமாக இருந்தது. 1.6-ஐ எடுத்துக்கொண்டு தரையில் நாடா ஒட்டினேன். அகலவாட்டில் அறையின் நடுக்கோட்டிலேயே உட்கார வேண்டும். அப்போதுதான் இரு பக்கச் சுவர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

கேட்கும் தூரம் இப்போது ஒரு மீட்டரிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டராகிவிட்டது. தேர்வை முடிவு செய்தது இந்த ஓர் எண்தான். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பித் தருவதால் இழப்பு சற்றுக் குறைவு. விவரத்தாளில் உள்ள அளவுகள் ஒரு மீட்டருக்கானவை. என் நாற்காலிக்கு வரும்போது அவற்றில் 8 டெசிபெல் வரை கழிந்துவிடும். நான் கேட்கும் சராசரி 70 முதல் 75 டெசிபெல். நன்றாகப் பதிவான இசையில் உச்சங்கள் அதற்கு மேல் 20 டெசிபெல் வரை எழும். ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு மீட்டரில் 100 டெசிபெல் உச்சத்தைச் சிரமமின்றித் தரவேண்டும் என்று வைத்துக்கொண்டேன். 3 அங்குல ஜோடி இந்தத் தூரத்தில் தவில் அடிகளின்போது வெளிப்படையாகத் திணறியது. 5 அங்குலம் தாங்கியது. வாட் எண்ணிக்கையை நான் கடைசியில்தான் பார்த்தேன். வாட் இரட்டித்தால் 3 டெசிபெல்தான் கூடும்; 50 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காது கண்டுகொள்ளாது.

விவரத்தாளில் பார்க்க வேண்டியது வேறு. கீழெல்லை 45 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், அது எத்தனை டெசிபெல் குறைந்த இடத்தில் எடுத்த அளவு என்று தேட வேண்டும். 10 டெசிபெல் குறைந்த இடத்தையும் எல்லையென்று எழுதுவார்கள், 3 டெசிபெல் குறைந்த இடத்தையும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றல்ல. எதுவுமே குறிப்பிடாத எண்ணை நான் கணக்கில் எடுக்கவில்லை. நான் தேர்ந்த ஜோடி 3 டெசிபெல் கணக்கில் 52 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. அடுத்து, ஒரு பெட்டிக்குள் மட்டும் ஆம்ப்ளிஃபையர் இருந்து மற்றதற்குக் கம்பி ஓடும் வகையா, இரண்டு பெட்டிகளிலும் ஊஃபருக்கு ஒன்று, மேல் ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கு ஒன்று என்று தனித்தனி ஆம்ப்ளிஃபையர் இருக்கும் வகையா என்று தீர்மானிக்க வேண்டும். முதல் வகைக்கு ஒரே மின்னிணைப்பு போதும், பெரும்பாலும் ரிமோட்டும் ப்ளூடூத்தும் உடன் வரும். கணினியருகே வைக்க அதுவே வசதி. இரண்டாம் வகைக்கு இரு மின்னிணைப்பும் இரு சிக்னல் கம்பிகளும் தேவை, ஒலியளவைக் கூட்டிக் குறைக்க வெளியே ஒரு கருவியும் வேண்டும். ஆனால் பின்புறத்தில் அறைக்கேற்பத் திருத்தும் ஸ்விட்சுகள் இருக்கும், எக்ஸ்எல்ஆர் எனப்படும், வெளி இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்டு இணைப்பும் இருக்கும். சுவரருகே நிறுத்தப்போகிறேன் என்பதால் அந்த ஸ்விட்சுகள் எனக்குத் தேவைப்பட்டன. இரண்டாம் வகையையே வாங்கினேன். இந்த வகையில் ட்வீட்டரிலிருந்து வரும் மெல்லிய 'ஸ்ஸ்' ஒலி பலரைத் துன்புறுத்துவது உண்டு. மேசைத் தூரத்தில் இரவில் அது எனக்கும் கேட்டது; இரண்டரை மீட்டரில் கேட்கவில்லை. ஒரு முழங்கைத் தொலைவில் வைத்துக் கேட்கப்போகிறவர், பாட்டே ஓடாத நிலையில் ஸ்பீக்கரைப் போட்டுக் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

ஸ்டாண்டுகளை நானே செய்தேன். இந்தப் பகுதியைத்தான் மிகவும் விரும்பிச் செய்தேன். நாற்காலியில் இயல்பாக உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து காதுக்கு 112 செ.மீ.; ஸ்பீக்கரின் அடியிலிருந்து ட்வீட்டரின் நடுவுக்கு 22 செ.மீ.; ஆகவே ஸ்டாண்டின் உயரம் 90 செ.மீ. கடைகளில் கிடைக்கும் ஸ்டாண்டுகளில் பல இதைவிடத் தாழ்வானவை, சோபாவில் சாய்ந்து உட்கார்பவரைக் கணக்கில் கொண்டவை. 18 மி.மீ. ப்ளைவுட்டில் 30-க்கு 35 செ.மீ. அடிப்பலகை, ஸ்பீக்கரின் அடியளவுக்கே மேல்பலகை, இரண்டுக்கும் நடுவே 12 செ.மீ. சதுரப் பெட்டித் தூண். இரு பலகைகளின் கனத்தைக் கழித்தால் தூணுக்கு 86.4 செ.மீ. தூணின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை 12 செ.மீ. அகலத்திலும் மற்ற இரண்டை 8.4 செ.மீ. அகலத்திலும் அறுத்தால் மூலையில் சரியாகப் பொருந்தும். பலகை நீளங்களை மரக்கடையிலேயே இயந்திரத்தில் அறுத்து வாங்கிக்கொண்டேன். நான்கு தூண் பலகைகளும் மயிரிழை வேறுபடாமல் ஒரே நீளமாக இருந்தால்தான் மேல்பலகை சாயாமல் உட்காரும், கைரம்பத்தில் எனக்கு அந்தத் துல்லியம் வராது. ஒட்டுவதற்கு மரப்பசை, இறுக்குவதற்கு ஆறு கிளாம்புகள், பலகைகளைப் பிணைக்க 40 மி.மீ. திருகுகள், திருகுக்கு முன்துளையிட 3 மி.மீ. துரப்பணம். முன்துளை இடாமல் திருகினால் ப்ளைவுட்டின் விளிம்பு அடுக்கு பிரிந்து வாய் திறந்துவிடும்.

தூணுக்குள் மணல் நிரப்பினேன். மணலை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, ஆறவிட்டு, தடித்த நெகிழிப் பையில் கட்டித்தான் உள்ளே இறக்க வேண்டும். அப்படியே கொட்டினால் மூட்டுகளின் வழியே பொடி கசிந்துகொண்டே இருக்கும், ஈரம் இருந்தால் பலகை உப்பும். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பியதில் ஒவ்வொரு தூணும் ஆறு கிலோவுக்கு மேல் கனத்தது. விரலால் தட்டினால் முன்பு 'டங்' என்றது, இப்போது 'தட்' என்று நின்றுவிடுகிறது. அடிப்பலகையின் நான்கு மூலைகளிலும் ரப்பர்க் குமிழ்கள். ஸ்பீக்கருக்கும் மேல்பலகைக்கும் நடுவே சுவரில் படம் ஒட்டப் பயன்படும் மென்பசையில் நான்கு சிறு உருண்டைகள். குழந்தைகள் ஓடும் வீடாக இருந்தால் அடிப்பலகையை இன்னும் 10 செ.மீ. அகலமாக்குவது நல்லது, 90 செ.மீ. உயரத்தில் நிற்கும் கனத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிறுத்துவதில் இரண்டு கேள்விகள்: சுவரிலிருந்து எவ்வளவு, ஒன்றுக்கொன்று எவ்வளவு. முன்பலகை சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளியிருக்குமாறு முதலில் வைத்தேன். 190 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுந்தது; ஆண்குரல் மெலிந்து கேட்டது. ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேரொலியைக் குறைக்கும் இடம் அது. தூரத்தின் நான்கு மடங்கு எந்த அலையின் நீளமோ அங்கே பள்ளம் விழும். ஸ்பீக்கரைச் சுவரை நோக்கி நகர்த்தினால் பள்ளம் மேலே ஏறும், ஏற ஏற ஆழமும் குறையும், ஏனெனில் மேல் ஒலிகளைப் பெட்டி முன்னோக்கியே அனுப்புகிறது. பெட்டியின் பின்புறம் காற்றுத்துளை இருப்பதால் சுவரோடு ஒட்டிவிடவும் முடியாது. 10 செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்தியபோது முன்பலகை 32 செ.மீ.யில் வந்தது, பள்ளம் 270 ஹெர்ட்ஸுக்கு அருகே ஏறி ஆழமும் வெகுவாகக் குறைந்தது. சுவர் அருகே வந்ததற்கு விலையாகக் கீழ் ஒலி முழுவதும் சற்று ஏறியது. பின்புறத்திலிருந்த பேஸ் ஸ்விட்சை 2 டெசிபெல் குறைவுக்குத் தள்ளியதும் அது சமப்பட்டது.

இரண்டுக்கும் இடையே 1.9 மீட்டர். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கேட்பவரின் பார்வையில் 60 பாகைக் கோணத்தைக் கேட்கிறது. என் அறையில் அதற்கு ஸ்பீக்கர்களைப் பக்கச் சுவர்களுக்கு மிக அருகே தள்ள வேண்டியிருக்கும். 45 பாகையோடு நிறுத்திக்கொண்டேன். இசை விரிந்து கேட்கும் மேடை சற்று குறுகியது, ஆனால் நடுவில் பாடுபவர் உறுதியாக நிற்கிறார். ட்வீட்டரின் ஓரத்தில் நூலைப் பிடித்து நாற்காலியில் தலை படும் இடம் வரை இழுத்து, இரு பக்கமும் ஒரே நீளம் வரும்வரை ஸ்டாண்டுகளைத் தட்டித் தட்டி நகர்த்தினேன்; அளவுநாடாவைவிட நூல் இதற்கு வசதி. ஸ்பீக்கர்களைக் காதுக்கு நேராகத் திருப்பியபோது ஜால்ரா கூர்மையாகக் குத்தியது. இரு பார்வைக்கோடுகளும் தலைக்குப் பின்னால் ஓர் அடி தள்ளிச் சந்திக்குமாறு சற்றே விரித்ததும் அது அடங்கியது.

கம்பிகளை இணைத்தபோது புதிய தொல்லை தொடங்கியது. மடிக்கணினியின் காதொலிப் பொருத்திலிருந்து சாதாரணக் கம்பியில் கொடுத்தால் அடியில் ஓர் உறுமல். கணினியின் சார்ஜரைப் பிடுங்கினால் உறுமல் நின்றது. இது கிரவுண்ட் லூப்: கணினியும் ஸ்பீக்கர்களும் வெவ்வேறு வழிகளில் எர்த்தைத் தொட்டு, சிக்னல் கம்பியின் வழியாக ஒரு வளையம் உண்டாகிவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே மின்பலகையில் செருகியதில் பாதி குறைந்தது. யூஎஸ்பியில் இணையும், பேலன்ஸ்டு வெளியீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியின் ஒலியை வெளியே தரும் பெட்டி) ஒன்றை நடுவில் வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கம்பிகளில் கொண்டுபோன பிறகு முற்றிலும் நின்றது. அதன் முகப்பில் இருக்கும் பெரிய குமிழே இப்போது ஒலியளவுத் திருகு. உறுமலை நிறுத்துவதற்காக எர்த் முனையை வெட்டுவது, இரு முனைச் செருகியைப் போடுவது ஆகியவற்றைச் சிலர் இயல்பாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து செய்ய வேண்டாம். உள்ளே பழுது ஏற்பட்டால் உலோகப் பாகங்களில் மின்சாரம் ஏறும், அந்த முனை உயிரைக் காப்பதற்காக இருப்பது.

பிறகு இரு பக்க ஒலியளவையும் சமப்படுத்தினேன். தனித்தனித் திருகு உள்ள ஸ்பீக்கர்களில் இரண்டையும் ஒரே குறியில் வைத்தாலும் ஒலி ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லா அதிர்வெண்களும் கலந்த பிங்க் நாய்ஸ் என்னும் சீரான இரைச்சலை ஒரு பக்கமாக மாற்றி மாற்றி ஓடவிட்டு மைக்கில் அளந்ததில் இடப்பக்கம் ஒரு டெசிபெலுக்குச் சற்று மேலே இருந்தது; அதைச் சரிசெய்த மாத்திரத்தில் குரல் நடுவுக்கு வந்தது. பாடகர் எப்போதும் சற்று இடப்பக்கமாகவே நிற்கிறார் என்று அதுவரை பதிவையே குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில்தான் ஈக்வலைசர், அதாவது அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி. கேட்கும் இடத்தில் இப்போது 82 ஹெர்ட்ஸில் பள்ளத்துக்குப் பதிலாக 5 டெசிபெல் மேடு இருந்தது. மேட்டைச் செதுக்கலாம், பள்ளத்தை நிரப்ப முயலக் கூடாது. 10 டெசிபெல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு ஆற்றலைச் செலவிடும், ஊஃபர் அதன் எல்லையைத் தொடும், பள்ளமோ அறையின் குணமாதலால் நிரம்பாது. கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளை நிறுவி, 82 ஹெர்ட்ஸில் 4 டெசிபெல் குறைக்கும் ஒரு குறுகிய வடிகட்டியை மட்டும் வைத்தேன். 300 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றையும் தொடவில்லை. மென்பொருள் தானாகப் பரிந்துரைத்த நீண்ட பட்டியலையும் ஒருமுறை போட்டுக் கேட்டேன், வரைகோடு அழகாக இருந்தது, வீணையின் மீட்டுமுனை மங்கிப்போயிற்று, எடுத்துவிட்டேன்.

பக்கச் சுவர்களுக்கு ஒரு கண்ணாடி போதும். நாற்காலியில் இருந்துகொண்டு, மற்றொருவரைச் சுவரோடு கண்ணாடியை நகர்த்தச் சொன்னால், ஸ்பீக்கர் அதில் தெரியும் இடமே முதல் தெறிப்பு விழும் இடம். எனக்கு அது ஸ்பீக்கருக்கு 64 செ.மீ. முன்னால் வந்தது. இடப்பக்கம் அங்கே கனத்த திரைச்சீலை, வலப்பக்கம் வெறுஞ்சுவர். புத்தக அலமாரியை வலப்பக்கம் அந்த இடத்துக்கு நகர்த்தினேன். திரையும் அலமாரியும் ஒன்றுக்கொன்று ஈடல்ல என்றாலும், கைதட்டினால் முன்பு கேட்ட உலோகத்தன்மையான எதிரொலி இப்போது இல்லை.

நாள்தோறும் பயன்படுத்தும்போது தெரிந்தவை இரண்டு. இரவில் மெல்ல ஓடவிட்டால், சிக்னல் வரவில்லை என்று நினைத்து ஸ்பீக்கர் தானே உறங்கிவிடுகிறது. பின்புறத்தில் அதற்கான ஸ்விட்சை அணைத்துவிட்டு, கேட்டு முடித்ததும் மின்பலகையிலேயே நிறுத்துகிறேன். ஒலியைக் குறைக்கும்போது கீழ் ஒலிகள் மற்றவற்றைவிட விரைவாகக் காதிலிருந்து மறைகின்றன. 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வெளியிட்ட காதின் இயல்பு இது, ஸ்பீக்கரின் குறையல்ல. இரவுக்கென்று 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபெல் ஏற்றிய தனி அமைப்பொன்றை ஈக்வலைசரில் சேமித்து வைத்திருக்கிறேன். ஒலி தாழ்ந்திருக்கும்போது ஊஃபருக்கு இந்த ஏற்றம் ஒரு சுமையே இல்லை.

செலவைப் பங்காகச் சொன்னால் மற்றவர்களுக்குப் பயன்படும். மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல் ஸ்பீக்கர்கள். ஐந்தில் ஒரு பங்கு இன்டர்ஃபேஸ். எஞ்சியதில் பெரும்பகுதி மைக்குக்கும் எக்ஸ்எல்ஆர் கம்பிகளுக்கும். ப்ளைவுட், திருகு, பசை, ரப்பர் எல்லாம் சேர்த்துக் கடைசிச் சிறு துண்டு. மேசையை நகர்த்தியதற்குச் செலவே இல்லை, ஆனால் ஒலியில் மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தது அதுதான். மைக்கை வாங்குவது வீண்செலவு என்று தோன்றலாம். என்னைப் பொறுத்தவரை, பெரிய ஊஃபருக்கு என்று கொடுக்கவிருந்த பணத்தைத் தடுத்தே அது தன் விலையை ஈட்டிவிட்டது.

அடுத்த முறை செய்வதானால் இரவல் வாங்குவதற்கு முன்பே தொனிச் சோதனையைச் செய்வேன்; 80 ஹெர்ட்ஸைக் கேட்கும்படி தரும் எந்த ஸ்பீக்கரும் அதற்குப் போதும். ஸ்டாண்டின் மேல்பலகையைத் தூணோடு ஒட்டிவிடாமல் நான்கு போல்ட்டுகளில் நிறுத்துவேன். நாற்காலி மாறினால் காதின் உயரமும் மாறும், அப்போது நடுவே ஒரு பலகையைச் செருகி உயர்த்த வழி வேண்டும். கம்பிகளை ஐந்து மீட்டராக வாங்குவேன். மூன்று மீட்டர்க் கம்பி சுவரோரமாக வளைந்து போகப் போதாமல், இப்போது தரையின் குறுக்கே ஒன்று ஓடுகிறது, அதன் மேல் பட்டை ஒட்டி வைத்திருக்கிறேன். எஞ்சியிருக்கும் குறை 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியான 41 ஹெர்ட்ஸின் அடிநாதம் இந்த ஸ்பீக்கர்களில் அரைகுறையாகவே வருகிறது. அதற்கு மிகக் கீழ் ஒலிகளுக்கென்றே உள்ள ஒரு சப்ஊஃபர் வேண்டும். அதை நாற்காலியில் வைத்து ஓடவிட்டு, சுவரோரமாக மைக்கை நகர்த்தி, எங்கே ஒலி சமமாக இருக்கிறதோ அங்கே அதை இறக்கி வைப்பது என்று திட்டமிட்டிருக்கிறேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சப்ஊஃபருக்கும் மேலுள்ளதை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுத்தால் இப்போதுள்ள ஊஃபர்களுக்கும் வேலை குறையும். அந்த அளவீடுகள் கைக்கு வந்ததும் தனியே எழுதுகிறேன்.